பிளாக் எழுதினால் மாதம் எவ்வளவு வரும்? ஆட்சென்ஸ் பணம் கைக்கு வருவது எப்படி? ஏமாறாமல் இருப்பது எப்படி? - முழு விவரம்

"வீட்டில் இருந்தபடியே மாதம் 50 ஆயிரம் சம்பாதிக்கலாம்..." செல்போனைத் திறந்தாலே ஏதாவது ஒரு வகையில் இந்த வாசகம் கண்ணில் பட்டுவிடுகிறது. இப்படிச் சொல்லப்படும் வழிகளில் பிளாக் எழுதி விளம்பரம் மூலம் சம்பாதிப்பது உண்மையிலேயே இருக்கும் வழிதான். அதே பெயரைச் சொல்லி பணம் பறிக்கும் கும்பலும் இருக்கிறது. எது உண்மை, எது உருட்டு? எவ்வளவு வரும், எப்போது வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

பணம் தருவது யார்?

முதலில் இது புரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் பிளாக்கில் தோன்றும் விளம்பரத்துக்கு பணம் தருவது, அந்தப் பொருளை விற்க நினைக்கும் நிறுவனம். நடுவில் நின்று விளம்பரத்தை உங்கள் பக்கத்தில் காட்டுவது கூகுளின் ஆட்சென்ஸ். 2003-ம் ஆண்டில் இருந்து நடைமுறையில் உள்ள சேவை இது. சேர்வதற்கு கட்டணம் எதுவும் கிடையாது.

ஒரு நிறுவனம் கூகுள் ஆட்ஸ் மூலம் 100 ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தின் கட்டணமாக சராசரியாக 15 ரூபாய் போய்விடும். மீதி 85 ரூபாயில் 80 சதவீதம், அதாவது 68 ரூபாய், பிளாக் வைத்திருப்பவருக்கு. 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கணக்கு இது. அதற்கு முன்பு, யாராவது விளம்பரத்தை கிளிக் செய்தால்தான் பெரும்பாலும் பணம். இப்போது விளம்பரம் பக்கத்தில் தோன்றும் எண்ணிக்கையை வைத்தே கணக்கு போடப்படுகிறது.

தமிழில் எழுதினால் விளம்பரம் கிடைக்குமா?

கிடைக்கும். தமிழில் பிளாக் எழுதும் பழக்கம் 20 ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆரம்ப காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆர்வத்துக்காக எழுதினார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸின் அதிகாரப்பூர்வ ஆதரவு கிடைத்தது 2018 பிப்ரவரியில்தான். அதன் பிறகு தமிழில் மட்டுமே எழுதுபவர்களும் நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது.

ஆனால் ஒரு விஷயம். விளம்பர இடம் ஏலம் போலத்தான் விற்கப்படுகிறது. எந்தத் தலைப்புக்கு நிறுவனங்கள் போட்டி போடுகின்றனவோ, அங்கே விலை ஏறும். கடன், காப்பீடு, முதலீடு போன்ற தலைப்புகளுக்கு கிராக்கி அதிகம். கவிதைக்கும் கோலத்துக்கும் குறைவு. வாசகர் எந்த நாட்டில் இருந்து படிக்கிறார் என்பதும் முக்கியம். அதே தமிழ்க் கட்டுரையை கனடாவில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ ஒருவர் படித்தால், உள்ளூர் வாசகரைவிட கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு.

தொடங்க எவ்வளவு செலவாகும்?

ஒரு ரூபாய்கூட இல்லாமல் தொடங்கலாம். கூகுளின் பிளாகர் தளம் முற்றிலும் இலவசம். ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். செல்போனிலேயே எழுதி வெளியிடலாம்.

சொந்தப் பெயரில் முகவரி வேண்டும் என்றால் டொமைன் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸ் மென்பொருளை சொந்தமாக நிறுவி நடத்த நினைத்தால், ஹோஸ்டிங் செலவும் சேரும். இந்த இரண்டுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருக்கும். முதல் ஆண்டு தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, புதுப்பிக்கும்போது வரும் தொகையைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் ஏராளம். எனவே முதலில் இலவசத் தளத்தில் எழுதிப் பழகிவிட்டு, வாசகர் வரத் தொடங்கிய பிறகு செலவழிப்பது நல்லது.

எதைப் பற்றி எழுதுவது?

எது உங்களுக்குக் கைவந்த வேலையோ, அதைப் பற்றி எழுதலாம். உதாரணத்துக்கு, ஈரோட்டில் தையல் கடை நடத்தும் ஒரு பெண் பிளாக் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ப்ளவுஸுக்கு அளவு எடுப்பது எப்படி, எந்த அளவுக்கு எவ்வளவு துணி வேண்டும், லைனிங் துணியை தைப்பதற்கு முன் ஏன் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும்... இதையெல்லாம் தினமும் யாரோ ஒருவர் கூகுளில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். 15 வருடமாக கத்தரி பிடித்தவர் எழுதினால் அதில் விஷயம் இருக்கும்.

அதே பெண், வேறு தளத்தில் வந்த சினிமா செய்தியை காப்பி அடித்துப் போட்டால்? பெரிய செய்தி நிறுவனங்களோடு போட்டி போட வேண்டும். கூகுள் தேடலில் பத்தாவது பக்கத்தில்கூட இடம் கிடைக்காது. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவதும் காப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். சொந்தமாக செல்போனில் எடுத்த படமே போதும்.

ஆட்சென்ஸ் அனுமதி கிடைக்க என்ன தேவை?

* 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் பெற்றோரின் கணக்கில் விண்ணப்பிக்கலாம்.

* ஒருவருக்கு ஒரு ஆட்சென்ஸ் கணக்குதான். எத்தனை பிளாக் வைத்திருந்தாலும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

* பதிவுகள் சொந்தமாக எழுதியவையாக இருக்க வேண்டும். திருட்டு சினிமா டவுன்லோடு, ஆபாசம் போன்றவற்றுக்கு அனுமதி இல்லை.

* குக்கீஸ் பயன்படுத்தப்படுவதை விளக்கும் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம். எழுதுபவர் யார், எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரமும் இருந்தால் நம்பகத்தன்மை கூடும்.

நான்கு பதிவு போட்டுவிட்டு உடனே விண்ணப்பித்தால், போதிய உள்ளடக்கம் இல்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. நிராகரித்தால் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். "நாங்கள் அனுமதி வாங்கித் தருகிறோம், 5 ஆயிரம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, மாதம் எவ்வளவு வரும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் எவ்வளவு வருமானம் என்பதை ஆர்.பி.எம். என்கிறார்கள். இது தளத்துக்குத் தளம், மாதத்துக்கு மாதம் மாறும். புரிவதற்காக அரை டாலர் என்று வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று கொள்வோம்.

அந்த ஈரோடு தையல்காரரின் பிளாக்கில் தினமும் 300 பக்கங்கள் பார்க்கப்படுகின்றன. மாதத்துக்கு 9 ஆயிரம். வருமானம் நாலரை டாலர். அதாவது சுமார் 380 ரூபாய். செல்போன் ரீசார்ஜுக்கு ஆகும்.

தினமும் 3 ஆயிரம் பக்கங்கள் என்றால்? மாதத்துக்கு 90 ஆயிரம். வருமானம் 45 டாலர், சுமார் 3,800 ரூபாய். இது பக்க வருமானம் என்று சொல்லக்கூடிய தொகை. ஆனால் தமிழில் ஒரு சிறிய பிளாக்குக்கு தினமும் 3 ஆயிரம் பார்வை வருவது சாதாரண விஷயம் இல்லை. மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில், தொடர்ந்து எழுதினால்தான் அந்த இடத்துக்கு வர முடியும். பிளாக்கை நம்பி இருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வீட்டுக்கு வரும் கடிதம்

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், நீங்கள் கொடுத்த முகவரிக்கு கூகுள் ஒரு கடிதம் அனுப்பும். அதில் உள்ள 6 இலக்க பின் எண்ணை ஆட்சென்ஸ் கணக்கில் பதிவிட வேண்டும். சாதாரண தபாலில்தான் வரும் என்பதால் சில வாரங்கள் ஆகலாம். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வராவிட்டால் மீண்டும் கேட்டுப் பெறலாம். 4 மாதத்துக்குள் பின் எண்ணைப் பதிவிடாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும்.

அடுத்த கட்டம் 100 டாலர். மொத்த வருமானம் இந்தத் தொகையைத் தாண்டினால்தான் பணம் அனுப்பப்படும். பணம் பொதுவாக மாதத்தின் 21 முதல் 26-ம் தேதிக்குள் விடுவிக்கப்பட்டு, வங்கிக் கணக்குக்கு வரும். நம் உதாரணத்தில், மாதம் நாலரை டாலர் வந்தால் முதல் பணத்தைப் பார்க்க கிட்டத்தட்ட 2 வருடம் ஆகும். மாதம் 45 டாலர் வந்தால் மூன்றாவது மாதமே 100-ஐத் தாண்டிவிடும். ஆட்சென்ஸில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடும் தேவைப்படும்.

சொந்தக்காரர்கள் கிளிக் செய்தால்?

பலரின் கணக்கு முடங்குவது இங்கேதான். "நம்ம பையன் பிளாக்தானே" என்று மாமா, சித்தி, காலேஜ் நண்பர்கள் எல்லாம் சேர்ந்து விளம்பரத்தை கிளிக் செய்வார்கள். உதவி என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் இதை செல்லாத கிளிக் என்று கூகுள் கணக்கிடும். தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு கிளிக் செய்யச் சொல்வது, பணம் கொடுத்து பார்வைகளை வாங்குவது எல்லாமே விதிமீறல்.

கணக்கு முடக்கப்பட்டால் அதுவரை சேர்ந்த தொகையும் போய்விடலாம். அது விளம்பரம் கொடுத்த நிறுவனங்களுக்குத் திருப்பித் தரப்படும். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே பிளாக் தொடங்கியதும் வீட்டில் சொல்லிவிட வேண்டிய முதல் விஷயம்: "படிங்க, ஷேர் பண்ணுங்க. விளம்பரத்தை மட்டும் தொடாதீங்க."

விளம்பரம் தவிர வேறு வழி?

அஃபிலியேட் முறையும் உண்டு. நீங்கள் கொடுத்த இணைப்பு வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கமிஷன் கிடைக்கும். தையல் பிளாக்கில் கத்தரி, தையல் மெஷின் பற்றி எழுதும்போது இது பொருந்தும். நிறுவனங்களிடம் நேரடியாகப் பணம் வாங்கிக்கொண்டு எழுதுவதும் உண்டு.

இப்படிப் பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால், அதை வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொடர்ந்து செய்தால் 50 லட்சம் வரை போகும்.

ஏஐ வந்த பிறகும் பிளாக் எடுபடுமா?

முன்பு போல எளிதில்லை என்பது உண்மை. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த ஏஐ ஓவர்வியூஸ், கேள்விக்கான பதிலை தேடல் பக்கத்தின் மேலேயே காட்டிவிடுகிறது. பொதுவான தகவலுக்கு யாரும் உள்ளே வந்து படிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. இன்னொரு பக்கம், ஏஐ-யை வைத்து நூற்றுக்கணக்கில் பதிவுகளை உருவாக்கிக் குவிப்பதை ஸ்பேம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியாகவே கொண்டுவந்தது. அனுபவத்தில் இருந்து எழுதும் பதிவுகளுக்கும், பேர் சொல்லித் தேடி வரும் வாசகர்களுக்கும்தான் இனி மதிப்பு.

வருமான வரி உண்டா?

டாலரில் வந்தாலும் வருமானம் வருமானம்தான். சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தொழில் வருமானமாகக் காட்டினால் டொமைன், ஹோஸ்டிங் போன்ற செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை. தொகை கூடும்போது ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

அரசு ஊழியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளும், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளும் உள்ளன. பணம் வரும் பிளாக் தொடங்கும் முன் துறையில் கேட்டு அனுமதி பெறுவது பாதுகாப்பானது.

"விளம்பரம் பார்த்தால் பணம்" - இது பிளாக்கிங் இல்லை

2024 ஜனவரியில் கோவையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது நினைவிருக்கலாம். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்ய, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்ட கூட்டம் அது. பணம் கட்டி உறுப்பினரானவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

பிளாக் விளம்பரத்துக்கும் இதுபோன்ற திட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: முதலில் பணம் கட்டுவது யார்? ஆட்சென்ஸில் பணம் கட்டுவது விளம்பரம் தரும் நிறுவனம். மற்றதில் நீங்கள். ஆள் சேர்த்தால் கமிஷன், அதிகம் கட்டினால் அதிக வருமானம், டெலிகிராமில் டாஸ்க் முடித்தால் பணம் என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் நாள் 150 ரூபாய் தந்து நம்பவைத்து, பிறகு ஆயிரம், லட்சம் என்று கட்டச் சொல்வதுதான் இந்தக் கும்பலின் வழக்கம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் புகார் தருகிறோமோ, அந்த அளவுக்கு பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.