பதவி ஏற்றலும் பதவி கையளித்தலும்
பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன?

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாத இறுதியில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் புதிய மாணவரை வரவேற்கின்றன. அவ்வேளையில் சதுரங்கம், நாடகம், மலையேற்றம், விவாதம் என எத்தனையோ சங்கங்கள் மேசை போட்டு அங்கத்தவரைச் சேர்க்கும். அவற்றிடையே தமிழ்ச் சங்கத்தின் மேசையும் பல இடங்களில் இருக்கும். அங்கே பெயர் கொடுத்த மகனோ மகளோ மறு ஆண்டில் அச்சங்கத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ தெரிவானதும் வீட்டில் ஒரு கேள்வி எழுகின்றது: "படிக்கப் போன பிள்ளைக்குச் சங்கம் எதற்கு?"

இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு, வளவு, தோட்டம் யாவற்றையும் விட்டுவந்த குடும்பங்களுக்குப் பிள்ளையின் பட்டமே தேடக்கூடிய ஒரே முதுசம். எனினும் இச்சங்கங்கள் எத்தகைய ஒழுங்கின் கீழ் நடைபெறுகின்றன என்பதை அறிந்துகொண்டால், பெற்றோரின் அச்சம் பெருமளவு குறையும். அத்துடன், எமது சமூகத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு பயிற்சி அங்கே கிடைப்பதும் தெளிவாகும்.

முதலில், இச்சங்கங்கள் தனித்து நிற்பவையல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் ஒன்றியம் என்ற தாய் அமைப்பு உண்டு. சிறிய சங்கங்கள் பெரும்பாலும் அதன் கிளைகளாகவே இயங்குகின்றன. அவ்வொன்றியமும் தன் விருப்பப்படி நடக்க இயலாது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1994ஆம் ஆண்டில் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் இரண்டாம் பகுதி மாணவர் ஒன்றியங்களுக்கென்றே எழுதப்பட்டது.

அச்சட்டத்தின்படி ஒன்றியத்துக்கு எழுத்திலான யாப்பு இருத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் அதனைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் மீளாய்வு செய்ய வேண்டும். முக்கிய பதவிகளுக்கு இரகசிய வாக்கெடுப்பு நடைபெற வேண்டும். அங்கத்தவர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. ஊதியம் பெறும் தெரிவுப் பதவியை எவரும் மொத்தமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வகிக்கலாகாது. நிதியறிக்கை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெளியிடப்பட்டு மாணவர் எல்லோருக்கும் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். சங்கங்களுக்குப் பணம் பகிரும் முறை நேர்மையானதாகவும் எழுத்தில் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். முறைப்பாடு செய்வதற்கு வழி வேண்டும். அதனை விசாரித்து அறிக்கை தருவதற்கு ஒன்றியத்தைச் சாராத ஒருவரை ஆட்சிமன்றம் நியமிக்க வேண்டும். இவை போதாவென்பது போல், ஒன்றியத்தில் அங்கத்தவராக இருக்க விரும்பாத மாணவர் விலகி நிற்கும் உரிமையையும் அச்சட்டம் காக்கின்றது.

சிறிய சங்கங்களின் நிர்வாகமும் இதே அச்சில் வார்க்கப்பட்டது. சங்கம் தொடங்க விரும்புவோர் நோக்கத்தை எழுதி, ஒன்றியம் கேட்கும் எண்ணிக்கையில் அங்கத்தவரைத் திரட்டி, யாப்பொன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் இன்றியமையாதோர். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலோ ஒன்றியத்தின் பொதுவான வாக்கெடுப்பிலோ அவர்கள் தெரிவு செய்யப்படுவர். இத்தேர்தல்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. பல ஒன்றியங்களின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களுடன், "வேட்புமனுக்களை மீண்டும் கோருக" என்ற தெரிவும் இடம்பெறும். போட்டியிடுபவர் ஒருவரே ஆயினும் அவர் இதனை வென்றாக வேண்டும். "வேறு ஆளில்லை, ஆகவே இவரே தலைவர்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பணத்தின் விடயத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. பெரும்பாலான இடங்களில் சங்கத்தின் பணம் ஒன்றியத்தின் கணக்கிலேயே இருக்கும். பொருளாளர் செலவுக்குரிய பற்றுச்சீட்டைச் சமர்ப்பித்து, அனுமதி பெற்றே பணத்தைப் பெறுவார். கலைவிழாவுக்கு மண்டபம் ஒழுங்கு செய்யும்போது ஒப்பந்தத்தில் தாமே கையொப்பமிடாமல் ஒன்றியத்தினூடாகச் செய்வதே முறை. இது மாணவரை அவமதிப்பதன்று. கடன் அவர்கள் தலையில் விழாமற் காப்பதாகும்.

ஒன்றியத்தின் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதிலும் எல்லை உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் 1970களின் தொடக்கத்தில், வறுமை ஒழிப்பு நிறுவனம் ஒன்றுக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கான இலவசப் பாலை அரசாங்கம் நிறுத்துவதை எதிர்த்த இயக்கத்துக்கும் பணம் வழங்கத் தீர்மானித்தது. நோக்கங்கள் நல்லவையே. ஆயினும் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஒன்றியம் கல்வி நோக்கத்துக்கான அறநிலையம். அதன் நிதி அந்நோக்கத்துக்கே செல்ல வேண்டும் என்பதே காரணம். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 100,000 பவுணுக்கு மேற்பட்ட ஒன்றியங்கள், 2010ஆம் ஆண்டு முதல் அறக்கொடை ஆணைக்குழுவில் நேரடியாகப் பதிவு செய்யும் கடமைக்கு உள்ளாயின.

எமது பிள்ளைகள் இதனை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். தாயகத்தில் இடர் நேரும்போதெல்லாம் உதவி சேர்க்க முன்வருவோர் அவர்களே. அவ்வாறு சேர்ப்பதற்கு வழியுண்டு. எந்த நிறுவனத்துக்கு என்று முன்கூட்டியே அறிவித்து, ஒன்றியத்தின் அனுமதியுடன் தனியாகச் சேர்த்து, தனியாகக் கணக்கு வைத்து, முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். சங்கத்தின் சந்தாப் பணத்துடன் அதனைக் கலந்துவிட்டால், நல்ல மனத்துடன் செய்த காரியமும் ஐயத்துக்கு இடமாகும்.

மாணவர் சங்கம் எமக்குப் புதியதன்று. 1924ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சூழத் தோன்றிய மாணவர் காங்கிரசே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். சமய வேறுபாடின்றி இளைஞர் கூடினர். சாதிக் கொடுமையை எதிர்த்தனர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றனர். முழுமையான சுயராச்சியம் கோரி 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தனர். அப்புறக்கணிப்புச் சரியா தவறா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் கல்லூரிச் சங்கம் ஒன்றில் பேசவும் கூட்டம் நடத்தவும் பழகியவர்கள் பொதுவாழ்வில் எவ்வளவு தூரம் செல்ல இயலும் என்பதற்கு அதுவே சான்று.

பல்கலைக்கழகச் சங்கத்தில் கற்கக்கூடியவற்றுள் தலையாயது கையளித்தல். பட்டம் பெற்றதும் போயாக வேண்டும். ஆகவே எவரும் நிரந்தரத் தலைவராக இருக்க இயலாது. கூட்டக் குறிப்புகள், கணக்கு, அங்கத்தவர் பட்டியல், அடுத்த ஆண்டுக்குரிய அறிவுரை ஆகிய அனைத்தையும் புதியவரிடம் ஒப்படைத்து விலகுகின்றனர். புலம்பெயர்ந்த நாடுகளில் எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பிளவுபடும் கதைகளை நாம் அறிவோம். ஒரே கதிரையில் பல ஆண்டுகள் அமர்ந்திருப்பதும், கணக்குக் கேட்டவரைப் பகைவராக எண்ணுவதுமே பெரும்பாலும் அதற்கு வித்து. இருபது வயதில் கணக்கைச் சபையில் வாசித்து, கேள்விக்கு மறுமொழி கூறி, சிரித்த முகத்துடன் பதவியைக் கையளித்த ஒருவர், நாற்பது வயதில் அதற்கு அஞ்சமாட்டார்.

ஆதலால் பெற்றோர் "சங்கம் வேண்டாம்" என்று கூறுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். உங்கள் சங்கத்தின் யாப்பை வாசித்தாயா? பணம் எவருடைய கணக்கில் இருக்கின்றது? பரீட்சைக் காலத்தில் உன் வேலையை ஏற்க எவர் இருக்கின்றார்? இம்மூன்றுக்கும் தெளிவான மறுமொழி வருமாயின், பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. மறுமொழி இல்லையெனில் தேடி அறிந்து வரச் சொல்லுங்கள். படிப்பும் கெடாமல் பொதுப்பணியும் செய்ய ஒரு பிள்ளை பழகுமாயின், அதன் பயனை நாளை எமது சங்கங்களும் அடையும். பெற்றோர் சிந்திப்பார்களாக.