பாக்கெட் எங்கே நின்றது?

2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளம் சில நிமிடங்கள் தடுமாறி நின்றது. உச்சக்கட்டத்தில் வினாடிக்கு 1.35 டெராபிட் தரவு அதன்மேல் வந்து கொட்டியது. கொட்டியவை தாக்கியவர்களின் சொந்தக் கணினிகள் அல்ல. உலகெங்கும் யார் யாரோ நடத்திவந்த சாதாரண சர்வர்கள். அவற்றில் மெம்கேஷ்டு என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் 11211-ஆம் யூடிபி போர்ட் இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அனுப்புநர் இடத்தில் கிட்ஹப்பின் முகவரியைப் பொய்யாகப் போட்டு ஒரு சின்னக் கேள்வி கேட்டால் போதும், பல்லாயிரம் மடங்கு பெரிய பதில் கிட்ஹப்புக்குப் போய்ச் சேரும். வெளியாள் தொடவே தேவையில்லாத போர்ட் அது. ஒவ்வொரு சர்வரிலும் ஒரே ஒரு ஃபயர்வால் விதி இருந்திருந்தால் அந்தச் சர்வர்கள் ஆயுதமாகியிருக்காது.

அந்த ஒரு விதி ஏன் இல்லாமல் போகிறது? தெரியாததால் மட்டுமல்ல என்பது என் கணிப்பு. ஏதோ ஒரு செயலி இணைய மறுக்கிறது; வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார்; யாரோ ஃபயர்வாலை நிறுத்திப் பார்க்கிறார்கள்; உடனே வேலை செய்கிறது. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று வைத்துவிட்டுப் போனால், அந்த அப்புறம் வருவதே இல்லை. ஃபயர்வாலை அமைப்பது அரைமணி நேர வேலை. பழுது வந்த நேரத்தில் அதை நிறுத்தாமலே காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய கலை.

அமைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லினக்ஸில் பாக்கெட்டுகளைச் சலிப்பது கெர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். 2001-இல் வந்த 2.4 கெர்னலோடு ஐபிடேபிள்ஸ் வந்தது, 2014-இல் 3.13 கெர்னலோடு என்எஃப்டேபிள்ஸ் வந்தது. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ, ரெட்ஹாட்டின் ஃபயர்வால்டி எல்லாம் அதற்கு மேல் போட்ட எளிய முகங்கள். எதில் எழுதினாலும் அடிப்படை ஒன்றுதான்: உள்ளே வருவதை எல்லாம் மறுத்துவிட்டு, தேவையானதை மட்டும் திற. ஓர் இணையதளத்துக்கு 80, 443 போதும். நிர்வாகத்துக்கு 22, அதுவும் முடிந்தால் அலுவலக முகவரியிலிருந்து மட்டும்.

தொலைவில் இருக்கும் சர்வரில் இதைச் செய்யும்போது நம்மையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே, ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு கட்டளையை முதலில் போட்டுவிட வேண்டும். பிறகு விதிகளை இயக்கி, புதிதாக இன்னொரு விண்டோ திறந்து எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து பார்க்க வேண்டும். பழைய விண்டோ உயிரோடு இருப்பது எதையும் நிரூபிக்காது. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை அனுமதிக்கும் விதி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

இனி பழுது. முதல் தடயம் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென்று பதில் வந்தால், பாக்கெட்டுக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் கேட்க எந்தச் செயலியும் இல்லை, அல்லது விதி வெளிப்படையாக மறுக்கிறது. நெடுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வந்தால், வழியில் எங்கோ பாக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் விதிகளைக் கலைத்துப் போடுவதில் போகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

ரெஃப்யூஸ்டு என்றால் எஸ்எஸ் கட்டளையில் செயலி எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அது அந்தக் கணினிக்குள் மட்டும்தான் பேசும். அங்கே ஃபயர்வாலைக் குறை சொல்லிப் பயனில்லை. டைம்டு அவுட் என்றால் சர்வரில் டிசிபிடம்ப் ஓட விடுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வால் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடும். பாக்கெட் வந்து சேர்ந்து, பதில் மட்டும் போகவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்த சர்வரின் விதிகள்மேல். வந்தே சேரவில்லை என்றால் தடை வெளியே: பெரும்பாலும் கிளவுட் நிறுவனத்தின் செக்யூரிட்டி குரூப். இங்கே எத்தனை விதி திறந்தாலும் அங்கே மூடியிருந்தால் மூடியதுதான்.

விதிகளிலேயே கோளாறு என்றால், ஐபிடேபிள்ஸில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்ற எண்ணிக்கை இருக்கும். இணைய முயன்றபடியே அதைப் பாருங்கள். எந்த எண் ஏறுகிறதோ அங்கேதான் முடிவு எடுக்கப்படுகிறது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். மேலே ஒரு மறுப்பு இருந்தால் கீழே எழுதிய அனுமதிக்கு வேலையே வராது.

இதற்கு நேர்மாறான பழுதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: மூடியதாக நினைத்தது திறந்திருப்பது. டாக்கர் இதில் முக்கியமானது. டேட்டாபேஸ் ஓடும் ஒரு கன்டெய்னரின் 5432-ஆம் போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் விதிகளை எழுதிக்கொள்கிறது. அந்தப் பாக்கெட் முகவரி மாற்றப்பட்டு ஃபார்வர்ட் வழியாகப் போய்விடும். யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் எழுதிய மறுப்போ இன்புட் வழியில் காத்திருக்கும். ஸ்டேட்டஸ் கேட்டால் எல்லாம் மூடியிருப்பதாகவே காட்டும். வாசலில் பூட்டு தொங்க, கொல்லைக் கதவு திறந்து கிடக்கும் நிலை. டேட்டாபேஸ் அந்த சர்வருக்குள் மட்டும் தேவையென்றால் போர்ட்டை 127.0.0.1-உடன் சேர்த்தே வெளியிட வேண்டும். வெளியேயும் தேவையென்றால் டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில்தான் கட்டுப்பாட்டை எழுத வேண்டும்.

ஐபிவி6-உம் இப்படித்தான். ஐபிடேபிள்ஸில் எழுதியவை பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே பொருந்தும். மற்றதற்கு ஐபி6டேபிள்ஸ் தனி. அதோடு, கையால் சேர்த்த விதிகளைத் தனியாகச் சேமிக்காவிட்டால் ரீபூட்டில் மறைந்துபோகும். அந்த ரீபூட் பல மாதம் கழித்து, விதியை எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகுகூட நடக்கலாம். அதனால் ரீபூட் செய்த கையோடு, வேறொரு கணினியிலிருந்து இரண்டு வகை முகவரிகளையும் என்மேப்பால் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். எது திறந்திருக்கிறது என்பதை சர்வரிடமே கேட்டுத் திருப்திப்பட வேண்டாம்.