மலிவான கையடக்க விளையாட்டுக் கருவி: வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

1990களிலே ரொறன்ரோவை வந்தடைந்த எமது சிறுவர்களுள் பலர், ‘கேம் போய்’ என்னும் சாம்பல் நிறக் கருவியைப் பள்ளித் தோழர்களின் கைகளிலேதான் கண்டிருப்பர். அதனை வாங்கிக் கொடுக்கும் வசதி அன்று எல்லாப் பெற்றோருக்கும் இருக்கவில்லை. அச்சிறுவர்கள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். பழைய விளையாட்டுக்களை இயக்கவல்ல சீனத் தயாரிப்புக் கருவிகள் இப்பொழுது நூறு கனேடிய டொலருக்குள் கிடைப்பதனால், அவற்றை வாங்க எண்ணுவோர் பலர். அவர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய சிலவற்றை இங்கு நோக்குவோம்.

பற்றரி புகட்டிய பாடம்

யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் போய்க்கு நிறமும் இல்லை. திரைக்குப் பின்னே ஒளியும் இல்லை. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் யப்பானில் வெளியிட்ட ‘கேம் கியர்’ இவ்விரண்டையும் கொண்டிருந்தது. ஆயினும் அதற்கு ஆறு பற்றரிகள் தேவைப்பட்டன. அவையும் மூன்று முதல் ஐந்து மணித்தியாலங்களுள் தீர்ந்தன. கேம் போயோ நான்கு பற்றரிகளில் ஏறத்தாழ 15 மணித்தியாலம் இயங்கிற்று. பின்வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேற்பட்ட கேம் போய்கள் உலகெங்கும் விற்பனையாயின. பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதே அதனை உருவாக்கிய குன்பெய் யொக்கோயின் கொள்கையாகும்.

இப்பாடம் எமக்குப் புதியதன்று. 1990இல் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே பற்றரியும் அடங்கியிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, ஒரு கருவியின் மதிப்பை அதன் மின் தேவையைக் கொண்டும் அளக்க வேண்டும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கருவியின் தரம்

2023இல் வெளிவந்த ‘மியூ மினி பிளஸ்’ என்பதனை உதாரணமாகக் கொள்வோம். இதன் மீள்மின்னேற்றப் பற்றரி 3000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுடையது; விளையாட்டின் தன்மைக்கேற்ப ஐந்து மணித்தியாலம் வரை தாக்குப்பிடிக்கும். திரை 3.5 அங்குலம், குறுக்கே 640 புள்ளிகள், நெடுக்கே 480 புள்ளிகள். கேம் போயின் படம் 160க்கு 144 புள்ளிகளே கொண்டது. அதனை மும்மடங்காக்கினால் 480க்கு 432 ஆகி, திரையின் உயரத்தை ஏறக்குறைய நிரப்புகின்றது. ஒவ்வொரு பழைய புள்ளியும் ஒன்பது புள்ளிகளாக மாறுவதனால் படம் கூர்மையாகத் தோன்றும். பின்வந்த ‘கேம் போய் அட்வான்ஸ்’ விளையாட்டுக்களுக்கு இப்பொருத்தம் இல்லை. இரு மடங்காக்கினால் ஓரங்கள் வெறுமையாகும். திரை முழுவதும் பரப்பினால் படம் சற்று மங்கும்.

முதலாவது பிளேஸ்ரேசனின் விளையாட்டுக்கள் வரை இதில் இயங்கும். ஆனால், திசைதிருப்பும் சிறு தண்டுகள் இதில் இல்லாமையால், முப்பரிமாண விளையாட்டுக்கள் சிலவற்றை ஆடுதல் கடினம். சீனாவிலிருந்து தருவிக்கும்போது ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியும், அஞ்சல் கையாளுகைக் கட்டணமும் சேரலாம். பழுதுற்றாலோ, திருப்பி அனுப்பும் செலவு கருவியின் விலையையே எட்டக்கூடும்.

பத்தாயிரம் விளையாட்டுக்கள்

கருவியைவிட விற்பனையாளர் உரத்து விளம்பரப்படுத்துவது, அதனுடன் வரும் நினைவக அட்டையையே. பத்தாயிரம் விளையாட்டுக்கள் இலவசம் என்பார்கள். உண்மையிலே, முழுப் பொதியிலும் மிகவும் நம்பத்தகாதது அவ்வட்டையேயாகும். பெரும்பாலும் அது பெயரற்ற தயாரிப்பு. சில மாதங்களில் பழுதடைந்து, பிள்ளை சேமித்து வைத்த ஆட்டங்களையும் அழித்துவிடக்கூடும். தரமான வேறோர் அட்டையைத் தனியே வாங்கிக்கொள்வதே நன்று.

சட்டமும் இங்கு குறுக்கிடுகின்றது. 2012இல் திருத்தப்பட்ட கனேடியப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் முறையாகப் பெற்ற படைப்பைத் தமது சொந்தப் பாவனைக்குப் பிரதியெடுக்கச் சில நிபந்தனைகளுடன் இடமளிக்கின்றது. காப்புப் பூட்டை உடைத்துப் பிரதியெடுத்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பிறர் பிரதியெடுத்து விற்கும் பத்தாயிரம் விளையாட்டுக்களுக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

இக்கருவிகளை மொத்தமாகத் தருவித்து, அட்டைகளுடன் விற்றுச் சிறு வருமானம் தேட எண்ணுவோர் மேலும் அவதானமாயிருத்தல் வேண்டும். வணிக நோக்கிலான மீறலுக்கு, ஒவ்வொரு படைப்புக்கும் 500 முதல் 20,000 டொலர் வரை சட்டரீதியான இழப்பீடு விதிக்கலாம். 2017இல், நின்ரெண்டோ விளையாட்டுக்களின் காப்புப் பூட்டை மீறும் கருவிகளை விற்ற ஒன்ராறியோ நிறுவனம் ஒன்றுக்கு எதிராகச் சமஷ்டி நீதிமன்றம் ஒரு கோடியே 20 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகையை விதித்துத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் கருவிகள் வேறு வகையின. எனினும், புதிய நாட்டிலே காலூன்ற முயலும் ஒரு குடும்பம் இத்தகைய வழக்கைத் தாங்காது.

எமது பரிந்துரை

ஆகவே, கருவியை வாங்கலாம். அட்டைக்காக வாங்குதல் ஆகாது. ஆர்வலர்கள் புதிதாக உருவாக்கி இலவசமாக வழங்கும் கேம் போய் விளையாட்டுக்கள் பல உண்டு. 2019இல் வெளிவந்த ‘ஜீ.பீ. ஸ்ரூடியோ’ என்னும் இலவச மென்பொருளின் துணையுடன், நிரல் எழுதத் தெரியாத சிறுவரும் கேம் போய்க்கு விளையாட்டு ஆக்கலாம். கேம் போயின் படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களால் ஆனவை. ஒரு சதுரத்துள் ‘ணை’ என்னும் எழுத்தை அடக்குதல் எளிதன்று. நான்கு சதுரங்களைச் சேர்த்தால் இடமுண்டு. விடுமுறை நாளொன்றில் பிள்ளையுடன் அமர்ந்து அவ்வெழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து, தமிழெழுத்துக்களைச் சேகரிக்கும் சிறு விளையாட்டொன்றை ஆக்கிப் பாருங்கள். கொடுத்த பணத்துக்கு அதைவிடச் சிறந்த பயன் கிடைப்பது அரிது.