வண்டியோட்டும் கைக்கு வரும் குறுஞ்செய்தி

வாகனம் ஓட்டியபடி குறுஞ்செய்தி எழுதும் இளைஞர் ஒருவரிடம், "இது ஆபத்தல்லவா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆம்" என்றே சொல்வார். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆபத்தென்று அறிந்த மாணவர்களே அதைச் செய்துவந்தார்கள். தாமாகச் செய்தி அனுப்பியவர்களிலும் பார்க்க, வந்த செய்திக்குப் பதில் எழுதியவர்களே கூட.

அப்படியானால் கையை இழுப்பது எது? ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இங்கே உதவும். எப்போது தானியம் விழும் என்று தெரியாதபடி இடையிடையே கொடுத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை நிறுத்தினாலும் இலகுவில் ஓயாது. கைத்தொலைபேசியின் ஓசையும் இப்படித்தான். வருவதிற் பல வெறும் விளம்பரம். ஆனால் அடுத்தது, காத்திருந்த செய்தியாக இருக்கலாம் அல்லவா?

இதனோடு, பதில் தாமதித்தால் நண்பர்கள் கோபிப்பார்களோ என்ற அச்சமும் சேர்கிறது. 2009இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் 18 வயது இளைஞன் ஒருவன், தோழியின் செய்திக்குப் பதில் அனுப்பிய சில விநாடிகளில், எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதியர் மீது மோதினான். இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். பெறுபவர் ஓட்டியபடியே வாசிப்பார் என்று அறிந்து செய்தி அனுப்புபவருக்கும் பொறுப்பு உண்டாகலாம் என்று 2013இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தோழி அப்படி அறிந்திருந்ததற்குச் சான்று இல்லாததால் அவள் பொறுப்பாளியாக்கப்படவில்லை.

எனக்கு அதிகம் பயந்தருவது பழக்கம்தான். நூறு தடவை பார்த்தும் பத்திரமாக வீடு வந்தவர், அதைத் தன் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அந்த நேரங்களில் குறுக்கே எவரும் வரவில்லை, அவ்வளவுதான். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் 5 விநாடியில் ஏறக்குறைய 55 மீற்றர் ஓடிவிடும். எங்கள் கிராமத்து வீதிகளில் அந்தத் தூரத்துக்குள் ஒரு மாடோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளோ குறுக்கிடலாம்.

ஓசை கேட்டபின் மனதை அடக்குவது கடினம். ஆகவே புறப்படுமுன்பே தொலைபேசியின் ஓசையை நிறுத்தி, இருக்கையின் கீழே பூட்டி வைப்பது நல்லது. பிள்ளை புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டனுப்பும் பெற்றோரும், அவர் போய்ச் சேரும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.