சப்மிட் கொடுக்காவிட்டாலும் போய்விடும்

மின்கட்டண பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தி வருகிறது. பதறிப்போய் லிங்க்கைத் தொட்டு, கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி எல்லாம் தட்டிய பிறகுதான் சந்தேகம் வருகிறது. பக்கத்தை மூடிவிட்டு, "நான்தான் சப்மிட் கொடுக்கலையே!" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இந்த நிம்மதிதான் ஆபத்து.

ஒரு பக்கத்தில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும், தட்டிய நொடியிலேயே அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அறிய முடியும். கூகுளில் நாலு எழுத்து தட்டியதும் பரிந்துரைகள் வருவது இப்படித்தான். திருட்டுப் பக்கமும் இதே வசதியால் எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பிவிடும். பிறகு அழித்தும் பயனில்லை. முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தாலும் இதே கதைதான். நல்ல தளங்களும் யோக்கியமில்லை: 2022-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், அனுப்பும் முன்பே மின்னஞ்சல் முகவரியைப் பிற நிறுவனங்களுக்குக் கசியவிட்ட தளங்கள் ஆயிரக்கணக்கில் சிக்கின.

பாதி தட்டியிருந்தாலும் முழுதும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைத்து முடக்குங்கள். கூகுளில் தேடிய எண்ணை அல்ல. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு சைபர் மோசடி உதவி எண் 1930. cybercrime.gov.in தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைய முகவரி முழுதாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட், குறுஞ்செய்தி, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச்சொல் எடுபடாது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாதபோது 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களைச் சேராது. விவரத்தை நீங்களே கொடுத்திருந்தால், புகாருக்கு முன் போனது உங்கள் தலையில். புகாருக்குப் பின் போவது வங்கியின் தலையில். அந்தப் புகார் எண் ஏன் என்று இப்போது புரியும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம்.

"இது எங்க லிமிட் இல்லை" என்று காவல் நிலையத்தில் கைகாட்டினால் நகராதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் அவர்கள் தகவலைப் பதிந்தாக வேண்டும். தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.

மறுபடி சொல்கிறேன்: சப்மிட் கொடுக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் கார்டை முடக்குங்கள்.