கப்பலேறி வந்த பணியாரம்

திருகோணமலைத் துறைமுகத்தை நாடி எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்தன, போயின. அவை ஏந்தி வந்த கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. 1624ஆம் ஆண்டிற் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரும், 1639இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் இன்று நம் மாணவர் மனனஞ் செய்யும் சரித்திரப் பாடமாகிவிட்டனர். ஆனால், அக்கப்பல்களிலிருந்து இறங்கிய சில பண்டங்களும் அவற்றின் பெயர்களும் திரும்பிப் போகவில்லை. அவை நேரே நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து குடியேறிவிட்டன.

அடுப்பங்கரை என்றா எழுதினேன்? இவ்வூரில் அதனைக் குசினி என்றே சொல்வர். குசினி போர்த்துக்கேயச் சொல். குசினியிலுள்ள தாச்சியும் அவர்கள் தந்ததே. பாண், பாண் வேகும் போறணை, போறணையிலிருந்து வரும் விசுக்கோத்து ஆகிய மூன்றும் அவ்வழி வந்தனவே. விசுக்கோத்து என்னுஞ் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘இருமுறை வெந்தது’ என்பது அதன் பொருள். நெடுநாட் கடற்பயணத்திற் கெடாதிருக்கும் பொருட்டு ஈரம் முழுதும் போக இருமுறை சுட்டெடுத்த மாலுமிகளின் உணவு அது. துறைமுகப் பட்டினத்துக்கு அது முதலில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இனி, ஒல்லாந்தர் தந்த சொல்லொன்றைப் பார்ப்போம். சிறு பணியாரத்தை அவர்கள் ‘கூக்கியே’ என்றனர். அச்சொல் இரு திசைகளிற் கடல் கடந்தது. மேற்கே, இன்றைய நியூயோர்க் நகரம் நியூ ஆம்ஸ்ரர்டாம் என்ற ஒல்லாந்தர் குடியேற்றமாக இருந்த காலத்தில், அங்கே சென்று பின்னர் ஆங்கிலத்திற் கலந்து ‘குக்கி’ ஆயிற்று. கிழக்கே இலங்கைக்கு வந்து ‘கொக்கிஸ்’ ஆயிற்று. அரிசிமாவைத் தேங்காய்ப்பாலிற் கரைத்துப் பித்தளை அச்சைத் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயிற் சுட்டெடுக்கும் அந்தப் பலகாரத்தைச் சித்திரைப் புத்தாண்டிற் சிங்களவர் வீடுகளிலும் தமிழர் வீடுகளிலுங் காணலாம். கடைத்தட்டில் ‘குக்கீஸ்’ என்று அச்சிட்ட பொதியை வாங்கும் இளைஞர்க்கு, வீட்டுத் தாச்சியில் மிதக்குங் கொக்கிஸ் அதற்கு உடன்பிறந்த சொல் என்பது தெரிவதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் வந்துவிட்ட ஒரு சொல்லை மறுபடியும் புதிதாக இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்!

இத்தகைய சொற்களை விலக்கித் தனித்தமிழ்ச் சொல் படைத்தல் வேண்டும் என்பார் உளர். அவர்தம் மொழிப்பற்றை நான் குறைத்து மதிப்பிடேன். ஆயினும், சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடந் தந்தார் என்பதை அவர்கள் மறத்தலாகாது. மேலும், பணியாரஞ் சுடுந் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. அப்பஞ் சுடுங் கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியுஞ் சொல்கின்றன. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் அவர்க்கும் பிட்டு விற்குங் காழியர்க்குந் தனியிருக்கை உண்டு. எண்ணெயிற் பொரிப்பதையும் தணலில் வாட்டுவதையும் ‘சுடுதல்’ என்ற ஒரே வினையால் நாம் வழங்குவதனால், புதிதாக வந்த பண்டமும் பழைய வினையோடு எளிதிற் பொருந்திக்கொண்டது. தொழில் நம்முடையது, பெயர் வந்தேறியது. அதனால் நமக்கென்ன இழுக்கு?

இவற்றுள் எனக்கு மிக விருப்பமானது ஞானகத்தா. பெயரைக் கேட்டவுடன் ஞானக்கதை ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அது வடஇந்தியாவின் ‘நான்கத்தாய்’. பாரசீகத்தில் ‘நான்’ என்பது ரொட்டி. ‘கத்தாய்’ என்பது சீனத்தின் பழம்பெயர் என்று பலர் கொள்வர். நம் காதில் விழுந்ததும் அது ஞானம் பெற்றுவிட்டது. அதிற் சேருஞ் சீனியும் பெயரளவிற் சீனத்ததே. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் மணியை மாவாக்கும் பேராலை 1980 முதல் இயங்குவதோ சீனன்குடாவில். தற்செயல்தான், ஆயினும் சுவையான தற்செயல்.

செய்முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். நெய் ஒரு பங்கு, பொடித்த சீனி ஒரு பங்கு, கோதுமை மா இரண்டு பங்கு, எல்லாம் நிறையளவில். நெய்யையுஞ் சீனியையும் வெண்ணிறமாகி நுரைக்கும்வரை கையாற் குழைத்தல் வேண்டும். பின்னர் ஏலப்பொடியும் சிறிது அப்பச்சோடாவுங் கலந்த மாவைச் சேர்த்து உருட்டவேண்டும். நீர் ஒரு துளியும் படலாகாது. நீர் பட்டால் மாவிற் பசை இறுகிப் பண்டம் வலித்துவிடும்; நெய் மாவைப் போர்த்திருப்பதனாலேயே அது வாயிலிட்டவுடன் கரைகின்றது. நெல்லிக்காயளவு உருண்டைகளை இடைவிட்டு அடுக்கி மிதமான வெம்மையிற் சுட்டால், சோடாவின் ஆவி மேலெழுந்து, மேற்புறம் வறண்ட குளத்துத் தரைபோல வெடிக்கும். அந்த வெடிப்பே அதன் அழகு. சூட்டோடு தொட்டால் உதிரும், ஆறினாற்றான் மொறுமொறுக்கும்.

மின்போறணை இல்லாத வீட்டார் அகன்ற சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேற் தட்டை வைத்து மூடி, மூடியின்மேற் சிரட்டைத் தணல் இடுவர். 2022ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, இந்தப் பழைய முறையை அறிந்திருந்தோர்க்கு அது கைகொடுத்தது.

ஞானகத்தாவில் முட்டை இல்லை. இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடக் கூடாது. பறங்கியர் வீட்டு லவ் கேக்கில் ரவையும் கஜுவும் பன்னீரும் எத்துணை மணந்தாலும், முட்டை மிகுதியாற் சைவ விரதக்காரர் அதனைத் தொடார். ஞானகத்தாத் தட்டோ தீபாவளி, பெருநாள், நத்தார் என்ற வேறுபாடின்றி எந்த வாயிலுக்கும் போகலாம். போன தட்டு வெறுந்தட்டாகத் திரும்புவதும் வழக்கமன்று. ஒரு சீப்புப் பழமோ ஒரு பிடி சீனியோ அதில் இருக்கும். நோன்புக் காலத்துக் கஞ்சியும் பெருநாள் வட்டிலப்பமும் அவ்வாறே மதில் தாண்டி வரும்.

1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் தெருவைக் கடக்கவே அஞ்சிய நாட்கள் இவ்வூரிற் பல. அந்நாட்களிற் தட்டும் வீட்டிலேயே தங்கிற்று. அச்சம் நீங்கிய பின்னர், சில வாயில்களுக்கு அது மீண்டும் போயிற்று, சிலவற்றுக்குப் போகவில்லை. ஆட்கள் இடம்பெயர்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் கடைப்பொதி. கடைப்பொதியைக் கொடுத்தால் அது கடன்போலாகிவிடுகிறது. விலை இன்னதென்று பொதியிலேயே அச்சாகியிருக்க, பெறுபவர் அதே விலைக்கு மற்றொன்று தேடுகிறார். வீட்டிற் சுட்டதற்கு விலைச்சீட்டு இல்லை. பொதிக்குத் தட்டும் வேண்டியதில்லை. ஆகவே திரும்பி வரவேண்டிய தட்டும் இல்லை.

இவ்வாண்டு சுட எண்ணுவோர்க்கு ஒரு சொல். பண்டிகைக்கு மூன்று நாட்களுக்கு முன்னரே சுட்டு, முற்றாக ஆறியபின் இறுக மூடுந் தகரப்பேணியில் இட்டு வைக்கவேண்டும். கடற்காற்று ஈரம் மிகுந்தது. ஒரு நாள் திறந்திருந்தாலும் நமுத்துப்போகும்.