ராஜிநாமாக் கடிதம்

உத்தியோகம் வேண்டி மனு எழுதக் கற்றுக் கொடுப்பார் பலர் உண்டு. அதை விட்டு விலகும்போது எப்படி எழுதுவது என்று சொல்வாரைத்தான் காணோம். ஆகையால் சிலர் பல வருஷத்து மனத்தாங்கலையெல்லாம் அந்தக் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். கோபம் நாலு நாளில் தணிந்துவிடும். கடிதமோ காரியாலயத்துத் தஸ்தாவேஜுகளுடன் நிலைத்துவிடும்.

இவ்விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறார். 1920-ம் வருஷத்து ஐ. ஸி. எஸ். பரீட்சையில் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் நான்காவதாகத் தேறினார். அந்நிய ஆட்சிக்கு ஊழியம் செய்ய அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. 1921 ஏப்ரல் 22-ந் தேதி இந்தியா மந்திரி மாண்டேகுவுக்கு ராஜிநாமா எழுதினார். அக் கடிதத்தில் ஒரு சுடுசொல் கிடையாது. பயிற்சி பெறுவோர் ஜாபிதாவிலிருந்து தம் பெயரை நீக்கும்படி கேட்டார். அதுவரை பெற்ற 100 பவுன் உதவித் தொகையை, ராஜிநாமா அங்கீகரிக்கப்பட்டதும் திருப்பிச் செலுத்துவதாகத் தெரிவித்தார். மனப் போராட்டங்களையெல்லாம் தமையனார் சரத் சந்திரருக்குத் தனியே எழுதி வந்தார்.

நாமும் அவ்வாறே செய்யலாம். விலகும் உத்தியோகம், கடைசித் தேதி, ஒப்படைக்க வேண்டிய கணக்கு, கற்றுக் கொண்டதற்கு ஒரு வார்த்தை நன்றி: இவை போதும். மனக்குறையை வீட்டாரிடம் சொல்லி ஆற்றிக் கொள்வோம். கையெழுத்திடுமுன் ஓர் இரவு பொறுத்திருப்பதும் நன்று. பாக்கி வைக்காமல் விடைபெறுகிறவர் தலை நிமிர்ந்து வெளியே வரலாம்.